கொசுறுத் திருப்பு

புங்கங்கோட்டகத்தில் விடியற்காலையில் மாடுகள் மிதக்கும். பனி தண்ணீரின்மேல் இடுப்பு உயரத்துக்குப் படுத்துக் கிடக்கும். அதற்கு மேலே சாம்பல் நிற முதுகுகளும் திமில்களும் மொட்டைத் தலைகளும் மட்டும் சத்தமில்லாமல் நகர்ந்து போகும். வெளியூரிலிருந்து முதல் தடவை வருகிறவர்கள் படகில் எழுந்து நின்று வாயைப் பிளப்பார்கள். படகோட்டி கலியபெருமாள், "உட்கார்ந்து பாருங்க, கவுத்துடாதீங்க" என்று தோளைப் பிடித்து அமுக்கி உட்காரவைப்பான். அப்புறம் வெயில் ஏறும், பனி கலையும், கால்கள் தெரியும். அம்மாடி, எவ்வளவு நீளமான கால்கள்! குளம்புக்கு மேலே உம்பளச்சேரி மாட்டுக்கே உரிய வெள்ளைப் பட்டைகூடக் காலோடு சேர்ந்து இழுபட்டு, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் போடுகிற முழங்கால் உறை மாதிரி நீண்டிருக்கும்.

அன்றைக்கு அபரஞ்சி இதையெல்லாம் பார்க்கிற நிலையில் இல்லை. மார்பளவு தண்ணீரில் நின்று, பிறந்து பத்து நிமிஷம்கூட ஆகாத ஒரு கன்றைக் கட்டிப் பிடித்திருந்தாள். அவளுடைய பசு மருதாணி நின்றபடியே ஈன்றிருந்தது. படுக்க முடியாத மாடு வேறெப்படி ஈனும்? இடுப்பு வலி கண்டதும் அது கட்டுக்கயிற்றை அறுத்துக்கொண்டு, ஆழம் அதிகமான நடுத்துறைக்குப் போய்விட்டது. வலியில் புத்தி கெட்டுப் போகிறது என்றுதான் அபரஞ்சி நினைத்தாள். பின்னாலேயே ஓடினாள். கன்று அவள் கண் முன்னால் தண்ணீரில் தொப்பென்று விழுந்து, முங்கி, மேலே வந்தது. அது காலை உதைத்துக்கொண்டு தலையைத் தூக்கியதா, மூச்சுத் திணறியதா என்று நின்று பார்க்க அவளுக்குப் பொறுமை ஏது? பாய்ந்து வாரி எடுத்துக்கொண்டு கரைமேட்டுக்கு வந்துவிட்டாள்.

மருதாணி கத்திக்கொண்டே பின்னால் வந்தது. முழங்கால் தண்ணீர் வந்ததும் நின்றுவிட்டது. அதற்குமேல் ஒரு அடி எடுத்து வைக்கவில்லை.

கிடேரிக்கன்று. செக்கச்செவேல் என்று இருந்தது. இந்த ஜாதிக் கன்றுகள் சிவப்பாய்ப் பிறந்து, ஆறேழு மாதத்தில் சாம்பல் நிறத்துக்கு மாறிவிடும். மருதாணியும் அப்படிச் சிவப்பாய்ப் பிறந்ததால்தான் அந்தப் பெயர். நிறம் போனது, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. அபரஞ்சி கன்றைத் துடைத்து, கோரைப்படுக்கையில் விட்டாள். அது தள்ளாடி எழுந்து, நான்கு குட்டைக் கால்களையும் பரப்பி நின்றது. தாயைப் பார்த்தது. தாயின் மடி எங்கேயோ இருந்தது. கன்று எட்டிக் குதித்தாலும் மூக்கு அதன் தொடைப் பாதிக்குத்தான் போகும்.

அபரஞ்சிக்கு அப்போதுதான் விஷயம் உறைத்தது. இத்தனை பேர், இத்தனை படிப்பு, இத்தனை மிஷின், ஒருத்தருக்காவது இது தோன்றவில்லையே என்று நெஞ்சு எரிந்தது.

நடந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். இருபது வருஷத்துக்கு முன்னால் கடல் உள்ளே வந்தது. வந்த கடல், வந்த விருந்தாளியைப் போல இரண்டு நாளில் கிளம்பவில்லை. வயல் போனது, வாய்க்கால் போனது. வீடுகளைத் தூண்மேல் ஏற்றிக் கட்டினார்கள். காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை தண்ணீர் ஒரு முழம் ஏறும், மறுபடி இறங்கும். நெல் விளைந்த இடத்தில் உப்புக்கோரை ஆள் உயரத்துக்கு மண்டியது. மாடு அதை ஆசையாகத் தின்றது. ஆனால் சேற்றுக்கென்றே பிறந்த குட்டைக்கால் மாடு, வயிறும் மடியும் நாள் முழுக்க உப்புத் தண்ணீரில் ஊறினால் என்ன ஆகும்? மடி புண்ணாகி, குளம்பு அழுகி, பாதி மாடுகள் செத்தன. பாதிப் பேர் ஊரைவிட்டுப் போனார்கள். அபரஞ்சியின் வீட்டுக்காரர் சாமியப்பனும் ஈரம் ஒத்துக்கொள்ளாமல் துறையூரில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். தினமும் சாயங்காலம் போன் செய்வார். முதலில் மருதாணியை விசாரிப்பார், பிறகுதான் பெண்டாட்டியை. மருதாணி இருக்கிற வரைக்கும் நான் இங்கேதான் என்பது அபரஞ்சியின் பேச்சு. அதற்கு மேல் அவரும் வற்புறுத்துவதில்லை.

அந்த நேரத்தில்தான் டாக்டர் ஜுலைகா உயர்கால் திட்டத்தைக் கொண்டு வந்தார். நாற்பது வயது இருக்கும். பக்கத்து ஊர்க்காரப் பெண்தான், படித்துவிட்டு எங்கெங்கோ இருந்துவிட்டுத் திரும்பி வந்தவர். ஊர்க் கூட்டத்தில் ஒரு கோரைத் தண்டை எடுத்து நடுவில் ஒடித்துக் காட்டினார்.

"ஒவ்வொரு கால்லயும் மேல் எலும்பு, கீழ் எலும்பு ரெண்டையும் இந்த மாதிரி ரெண்டு துண்டா நறுக்கிட்டு, எலும்புக்கு ஒண்ணா வெளியில வளையம் மாட்டிடுவோம். தினம் ஒரு மில்லிமீட்டர் அந்த ரெண்டு துண்டையும் விலக்கணும். நடுவுல உண்டாகிற இடைவெளிய உடம்பே புது எலும்பு போட்டு நெரப்பிக்கும். அவசரப்பட்டா நெரப்பாது. சோம்பேறித்தனம் பண்ணினா சீக்கிரமே மூடிக்கும். பத்து மாசத்துல மாடு ஒரு முழமும் ஒரு சாணும் ஒசந்துடும்."

"வலிக்குமா டாக்டரம்மா?" என்று அபரஞ்சி கேட்டாள்.

"கொஞ்சம்" என்றார் ஜுலைகா. அவர் பொய் சொல்லவில்லை, அவருக்கு அப்போது அவ்வளவுதான் தெரியும்.

வளையத்தில் ஒரு திருகு. அதற்கு ஒரு சாவி. காலை, மதியம், அந்தி, படுக்கப் போகும் முன் என்று நான்கு வேளையும் ஒவ்வொரு வளையத்துக்கும் ஒரு திருப்பு. 'டிக்' என்று சத்தம் கேட்டால் நிறுத்திவிட வேண்டும். நான்கு திருப்பு சேர்ந்தால் ஒரு மில்லிமீட்டர். மாடு வைத்திருப்பவர்களே அதைச் செய்ய வேண்டும் என்று ஏற்பாடு. தெரிந்த கை பட்டால்தான் மாடு நிற்கும். அபரஞ்சி அந்தச் சாவியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டாள்.

இங்கேதான் ஒரு சங்கதி இருக்கிறது. அபரஞ்சி முப்பது வருஷம் வீடு வீடாகப் பால் ஊற்றியவள். ஆழாக்கில் அளந்து ஊற்றிய பிறகு, செம்பைச் சாய்த்து இன்னும் ஒரு வாய் ஊற்றினால்தான் அவள் கை அடங்கும். அளந்தது மட்டும் கொடுத்தால் அது கருமித்தனம், கொசுறு விழுந்தால்தான் கொடுத்த மாதிரி. அந்தக் கைதான் சாவியையும் பிடித்தது. மருதாணி நல்லபடியாய்த் தீனி எடுத்த நாளில், தலையை அவள் தோளில் வைத்து மூச்சு விட்ட நாளில், வெள்ளிக்கிழமையில், மாட்டுப்பொங்கலன்றைக்கு, மகளுக்குக் குழந்தை பிறந்த சேதி வந்த அன்றைக்கு, நான்கு திருப்புக்கு மேல் இன்னும் ஒன்று. வாரத்தில் மூன்று நான்கு நாள் இப்படி ஏதாவது ஒரு காரணம் கிடைத்துக்கொண்டே இருந்தது. 'என் தங்கத்துக்கு ஒண்ணு கூட' என்பாள். 'டிக்.'

எலும்பு அவளை ஏமாற்றவில்லை. விட்ட இடத்தையெல்லாம் நிரப்பிக்கொண்டு வளர்ந்தது. பத்து மாதம் கழித்து வளையத்தைக் கழற்றி அளந்தபோது, மருதாணி சொன்ன உயரத்தைவிட நான்கு விரல்கடை கூடுதலாய் இருந்தது. ஜுலைகா அளந்ததைத் தன் தாளில் எழுதிக்கொண்டார். அபரஞ்சி கழுத்துச் சாவியைச் சேலைக்குள் தள்ளிவிட்டாள். ஆனால் தரையில் நடந்தபோது மருதாணியின் முழங்கால் மடங்கவில்லை. பின்னங்கால்களை யாராவது தொட்டால் தீயை வைத்த மாதிரி துள்ளியது. படுக்க முடியாமல் நின்றுகொண்டே தூங்கியது. தூங்கும்போதும் முனகியது. கரையில் இருந்தால்தான் இந்தப் பாடு. ஆழமான தண்ணீரில், உடம்பின் பாரம் இறங்கிய பிறகு, அதன் கண் அரைவாசி மூடும், காது தொங்கும், அசை போட ஆரம்பிக்கும். அபரஞ்சி கரைமேட்டில் உட்கார்ந்து அதைப் பார்ப்பாள். தன் கையைப் பார்ப்பாள். யாரிடமும் அவள் அதைச் சொன்னதில்லை.

மருதாணிதான் உயர்கால் மாடுகளில் முதல் ஈற்று. இன்னும் பதினேழு பசுக்கள் சினையாய் இருந்தன. அதனால் சேதி போன ஒரு மணி நேரத்துக்குள் கலியபெருமாளின் படகில் ஜுலைகா வந்து இறங்கினார். கலியபெருமாள் சாமியப்பனின் தம்பி. கன்றைப் பார்த்ததும், "அண்ணி, லட்சுமி வந்துட்டா" என்று சிரித்தான். பிறகு தாயைப் பார்த்தான், கன்றைப் பார்த்தான், சிரிப்பை நிறுத்திக்கொண்டான்.

படகில் ஒரு தகரப்பெட்டி இருந்தது. மருந்துப் பெட்டி என்று நினைத்து அபரஞ்சி அதைத் திறந்துவிட்டாள். உள்ளே பஞ்சு மெத்தையில் வளையங்கள். மருதாணிக்குப் போட்டதைப் போலத்தான், ஆனால் கைவளையல் அளவுக்குச் சின்னது. எட்டு இருந்தன. அவள் மூடியை மெதுவாகச் சாத்தினாள்.

முதலில் சீம்பால். கன்று பிறந்த பன்னிரண்டு மணி நேரத்துக்குள் தாயின் முதல் பாலைக் குடித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அதன் உடம்பில் நோயைத் தாங்குகிற சக்தியே இருக்காது என்றார் ஜுலைகா. ஆறு மணிக்குப் பிறந்த கன்றுக்குப் பொழுது சாய்கிற வரைக்கும்தான் நேரம். அதற்குள் என்னென்ன உண்டோ அத்தனையும் செய்து பார்த்தார்கள். மருதாணியைக் கயிறு போட்டுக் கரையோரம் இழுத்து வந்து, பெஞ்சு ஒன்றைத் தண்ணீரில் போட்டு, அதன்மேல் கன்றைத் தூக்கி நிறுத்தினார்கள். கன்றின் மூக்கு தொடையில் பட்டதோ இல்லையோ, நீட்டிய பின்னங்கால் சுழன்று வந்து பெஞ்சை இரண்டாய்ப் பிளந்தது. கன்று கலியபெருமாளின் கையில் தொங்கியதால் தப்பித்தது. அபரஞ்சி தானே கறக்கப் போனாள். இந்தக் கைக்கு என்றைக்கும் பாலை மறைக்காத மாடு, கன்று முட்டாமல் சுரக்க மாட்டேன் என்று அடக்கிக்கொண்டது. பால் இறங்க ஊசி போட்டார்கள். மடி கல்லாய் இறுகியது, ஒரு சொட்டு வரவில்லை. மயக்க மருந்து கொடுத்தால் என்ன என்று கலியபெருமாள் கேட்டான். அந்தக் கால் மயங்கி விழுந்தால் அப்புறம் எழுந்திருக்காது என்றார் டாக்டர். கொண்டு வந்த பவுடர் பாலைக் கரைத்துப் புட்டியில் கொடுத்தார்கள். கன்று இரண்டு வாய் உறிஞ்சிவிட்டு நாக்கால் வெளியே தள்ளியது.

மதியம் ஆனது. தண்ணீர் இறங்கியது. நடுத்துறையில்கூட இடுப்பளவுதான் இருந்தது. மருதாணி அங்கே போய் நின்றுகொண்டு, கரையைப் பார்த்துக் கத்திக்கொண்டே இருந்தது. கன்றைக் கரைமேட்டில் முளையில் கட்டியிருந்தார்கள். அதுவும் பதிலுக்கு மெலிந்த குரலில் கத்தியது. கோரைப்பூக்கள் பஞ்சாய்ப் பறந்து தண்ணீரிலும் மாட்டின் முதுகிலும் உட்கார்ந்தன. வெயிலில் எல்லாம் வெளுத்து, இரண்டு குரல்களைத் தவிர ஊரே தூங்குகிற மாதிரி இருந்தது.

ஜுலைகா கரைமேட்டில் அபரஞ்சியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"அக்கா, நாலு மணிக்கு மேல நான் காத்திருக்க முடியாது. இருட்டினா கோரைக்குள்ள படகு போக வழி தெரியாது. கன்னுக்குட்டிய நம்ம திட்ட மையத்துக்குக் கொண்டுபோறேன். அங்க ஒறைய வெச்ச சீம்பால் இருக்கு, பொழச்சுக்கும்."

"பொழச்சு, திரும்பி வருமா?"

"வரும்."

"எப்படி வரும்?"

டாக்டர் தகரப்பெட்டியைப் பார்த்தார். "கன்னுக்குட்டிக்கு எலும்பு எளசு. தாயவிட சீக்கிரமாவே நீளும். மூணு மாசம் போதும். வேற வழியும் இல்லக்கா. குட்டைக்கால வெச்சுக்கிட்டு இந்தத் தண்ணியில அது எங்க நிக்கும்? தாய்கிட்ட எப்படிக் குடிக்கும்? இனிமே பொறக்கிற கன்னு எல்லாத்துக்கும் பொறந்த வாரமே வளையம் போட்டுடணும்னு மேலிடத்துல உத்தரவு எழுதிட்டாங்க."

அபரஞ்சி மனசுக்குள் கணக்குப் போட்டாள். மூன்று மாதத்துக்குக் கன்று இல்லையென்றால் மருதாணி வற்றிவிடும். வற்றிய மாட்டைத் திட்டத்துக்காரர்கள் எடுத்துக்கொள்வார்கள், வளையம் மாட்டும்போதே அப்படி எழுதி வாங்கியிருந்தார்கள். அவள் துறையூருக்குப் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். அதுகூடப் போகட்டும். இந்தக் கன்றின் காலில் சாவியை வைத்துத் திருப்புகிறவர் யாராய் இருந்தாலும், பத்து மாதம் மருதாணி முனகியதை அவர் கேட்டிருக்க மாட்டார். அவள் கேட்டிருக்கிறாள். இனி ஒளித்து என்ன ஆகப்போகிறது என்று அவளுக்குத் தோன்றியது.

"டாக்டரம்மா, நான் ஒரு தப்பு பண்ணிட்டேன்" என்றாள். "நீங்க நாலு திருப்புன்னு சொன்னீங்க. நான் அஞ்சு திருப்பினேன். தினம் இல்ல, ஆசை வந்தப்பல்லாம். கொசுறு மாதிரி. அவ முழங்காலு மடங்காம போனது என்னாலதான். அவ என்கிட்ட நம்பிக் காலக் குடுத்தா. நான் பாசம்னு நெனச்சுக்கிட்டு அவளச் சித்ரவதை பண்ணிட்டேன்."

சொல்லி முடிக்கும்போது அழுதுவிட்டாள். ஜுலைகா அவளைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் திட்டவில்லை.

"எலும்பு, சொன்னா கேக்கும். நரம்புதான் கேக்காது. அதுக்கு நாள் கணக்கு தனி" என்றார். பிறகு, "எனக்குத் தெரியும்க்கா. எக்ஸ்ரேயிலயே தெரிஞ்சுது."

"எப்போ?"

"நாலாவது மாசமே."

"தெரிஞ்சுமா சும்மா இருந்தீங்க?"

"உங்க மாடு மட்டும் இல்லக்கா. முப்பத்தாறு மாட்டுலயும் கூடுதல்தான். ஒண்ணுல ரெண்டு விரல்கடை, இன்னொண்ணுல மூணு. ஒருத்தர் ஒருத்தருக்குத் தெரியாம ஊரே கொசுறு போட்டிருக்கு. நாலுன்னு சொன்னா நம்ம ஊருல எந்தக் கை நாலோட நிக்குது? இந்தப் பக்கத்துலதான் நானும் பொறந்தேன். அது எனக்குத் தெரிஞ்சிருக்கணும். அஞ்சாவது திருப்பு சுத்தாத மாதிரி திருகு பண்ணியிருக்கணும். நான் மில்லிமீட்டரப் படிச்சேன், மனுசங்களப் படிக்கல. கண்டுபிடிச்ச பிறகும் மேல சொல்லல. மாடு ஒசந்திருக்குன்னு அவங்களுக்கு ஒரே சந்தோஷம்."

ஊர் முழுக்க ஒவ்வொரு மாட்டின் காலடியிலும் யாரோ ஒருத்தர் குனிந்து, அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, ஆசையாய் ஒரு திருப்பு கூடத் திருப்புவதை அபரஞ்சி மனக்கண்ணில் பார்த்தாள். சிரிப்பும் வந்தது, வெட்கமாகவும் இருந்தது.

நான்கு மணி தாண்டியது. கலியபெருமாள் படகைக் கரையோரம் திருப்பி நிறுத்தினான். கன்று இப்போது கத்தவில்லை. கழுத்தைத் தரையில் நீட்டிப் படுத்திருந்தது. ஜுலைகா இன்னும் ஒரு தடவை புட்டியைக் கொடுத்துப் பார்த்தார். அது வாயைத் திறக்கவில்லை. இன்னும் கொஞ்ச நேரம், இன்னும் கொஞ்ச நேரம் என்று அபரஞ்சி கெஞ்சியதில் ஐந்தும் ஆகிவிட்டது. தண்ணீர் மறுபடி பாதிக்கு மேல் ஏறியிருந்தது. படகு தானாக அசைந்தது.

அபரஞ்சி கன்றைத் தூக்க முளைக்கு வந்தாள். கயிற்று முடிச்சில் கை வைத்தபோது மருதாணியின் குரல் மாறிவிட்டதைக் கவனித்தாள். காலையிலிருந்து கத்தியது வேறு குரல், அடிவயிற்றிலிருந்து வந்த அலறல். இது தாழ்ந்த குரல், வாயைத் திறக்காமல் உள்ளுக்குள்ளேயே 'ம்ம்' என்று கூப்பிடுவது. மேய்ச்சலிலிருந்து திரும்பும் பசு பால் கொடுப்பதற்காகக் கன்றைக் கூப்பிடுகிற குரல் அது. முப்பது வருஷம் கேட்ட குரலை அவள் காது தவறவிடுமா? மருதாணி கரையை நோக்கி வரவில்லை. கூப்பிட்டுக்கொண்டே ஆழத்துக்குள் பின்வாங்கிப் போனது. ஒரு அடி, இன்னொரு அடி. நின்று திரும்பிப் பார்த்தது. தண்ணீர் அதன் மடியைத் தொட்டது.

விடியற்காலையில் வலி கண்டதும் அது ஏன் நடுத்துறைக்கு ஓடியது என்று அபரஞ்சிக்கு அந்த நிமிஷம் புரிந்தது. அது புத்தி கெட்டு ஓடவில்லை. தண்ணீரில் விழுந்த கன்று மூச்சுத் திணறவும் இல்லை. அது நீந்திக்கொண்டுதான் இருந்தது. நடுவில் புகுந்து வாரி எடுத்து வந்து, நாள் முழுக்கக் கரையில் கட்டிப்போட்டது அவள்தான்.

அவள் முடிச்சை அவிழ்த்தாள். கன்றைத் தூக்கிப் படகுக்குப் போகாமல், தண்ணீரில் இறங்கினாள்.

"அண்ணி, எங்க போறீங்க?" என்றான் கலியபெருமாள்.

"அக்கா, அது சோர்ந்து கெடக்கு. முழுகிடும்" என்று ஜுலைகா எழுந்து வந்தார்.

"என் கை இருக்கு டாக்டரம்மா. முழுக விடமாட்டேன்."

முழங்கால், இடுப்பு, வயிறு. தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. நாள் முழுக்க வெயிலைக் குடித்திருந்த தண்ணீர். மார்பளவு வந்ததும் அவள் கன்றை இறக்கி, தாடைக்குக் கீழே உள்ளங்கையை வைத்துக்கொண்டாள். ஒரு கணம் அது கனத்தது. அவளுக்கு உயிரே போய்வந்தது. பிறகு நான்கு குட்டைக் கால்களும் தண்ணீருக்குள் அசைந்தன. ஒன்று, இரண்டு, மூன்று. கனம் குறைந்தது. உள்ளங்கையில் பூனைக்குட்டி அளவு பாரம்தான் இருந்தது. சிவப்புத் தலை மட்டும் தண்ணீருக்கு மேலே தெரிய, கன்று மிதந்தது.

மருதாணி அசையாமல் நின்றது. அபரஞ்சி பயந்துகொண்டே பின்னங்காலைத் தாண்டிப் போனாள். உதை வரவில்லை. தண்ணீர் அந்தக் கால்களின் பாரத்தைத் தாங்கிக்கொண்டிருந்தது. நான்கு காம்புகளும் தண்ணீர் மட்டத்தில், கன்றின் மூக்குக்கு நேரே இருந்தன. இந்த உயரத்தை யாரும் அளந்து வைக்கவில்லை. வேண்டிய ஆழத்தைத் தேடி மாடுதான் பின்வாங்கிப் பின்வாங்கிப் போயிருந்தது.

கன்று மோப்பம் பிடித்தது. தவறான இடத்தில் முட்டியது. தும்மியது. மறுபடி முட்டியது. பிறகு வாயில் பற்றிக்கொண்டது.

முதலில் ஒன்றுமில்லை. கன்று தலையை ஒரு இடி இடித்தது. மருதாணியின் உடம்பு முழுக்க ஒரு நடுக்கம் ஓடி அடங்கியதை அபரஞ்சி தன் தோளில் உணர்ந்தாள். மடி இளகியது. கன்றின் தொண்டை ஏறி இறங்க ஆரம்பித்தது. கடைவாயில் வழிந்த சீம்பால் மஞ்சளாய்த் தண்ணீரில் சுருள் சுருளாய்ப் பரவியது. மருதாணி கழுத்தைத் திருப்பி, கன்றின் முதுகை நக்க முயன்றது. எட்டவில்லை. எட்டிய இடத்தை, அதாவது அபரஞ்சியின் தலைமுடியை, நக்கியது. அவள் அழுதாளா சிரித்தாளா என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. ஆகாயமும் தண்ணீரும் ஒரே சாயத்தில் முக்கி எடுத்ததைப் போல மாறியிருந்தன. எங்கே எது முடிகிறது என்று தெரியவில்லை.

ஜுலைகா புடவையோடு இடுப்பளவு தண்ணீரில் வந்து நின்றிருந்தார். எப்போது இறங்கினார் என்று அவருக்கே தெரியாது போல. வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "போதும்க்கா, வயிறு நெறஞ்சுடுச்சு" என்றார்.

அபரஞ்சி கையை எடுக்கவில்லை. இன்னும் நாலு வாய் குடிக்கட்டும் என்று விட்டாள். இந்தக் கொசுறு யாருக்கும் வலிக்கவில்லை.

கன்றைக் கரைக்குக் கொண்டு வந்து துடைத்தபோது அது அவள் மடியிலேயே தூங்கிப்போனது. ஜுலைகா தன் தாளை எடுத்தார். ஒவ்வொரு மாட்டுக்கும் கால் உயரம் எழுதுகிற கட்டம் ஒன்று அதில் உண்டு. பேனாவை அதன்மேல் வைத்தவர் எழுதாமல் நிமிர்ந்தார்.

"மிச்சம் பதினேழு பசுவுக்கும் இப்படி ஒரு ஆழம் கெடைக்கணுமேக்கா. கெடைக்காத எடத்துல என்ன பண்றது?"

"தெரியல டாக்டரம்மா. அதுங்களயே கேப்போம். இவகிட்ட மொதல்லயே கேட்டிருந்தா காலையிலயே சொல்லியிருப்பா."

ஜுலைகா தலையை ஆட்டினார். படகில் ஏறப் போனவர் திரும்பி, "நாளைக்குக் காலையில தண்ணி எத்தன மணிக்கு ஏறும்?" என்று கலியபெருமாளைக் கேட்டார்.

"ஆறரை வாக்குல நடுத்துறை ரொம்பிடும். சாயங்காலம் ஏழுக்குள்ள இன்னொரு தடவ. தினம் கொஞ்சம் கொஞ்சமா தள்ளிப்போகும்."

அவர் கால் உயரத்துக்கான கட்டத்தை வெறுமையாக விட்டுவிட்டு, அதன் பக்கத்தில் அந்த இரண்டு நேரங்களையும் எழுதினார். தகரப்பெட்டியைக் கலியபெருமாள் திறக்காமலேயே உட்காருகிற பலகையாகப் போட்டுக்கொண்டு துடுப்பை எடுத்தான். மிச்சமிருந்த வெளிச்சத்தில் படகு கோரைக்குள் நுழைந்து மறைந்தது.

கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. சாமியப்பன்தான். "மருதாணி எப்படி இருக்கா?" என்று வழக்கம்போல ஆரம்பித்தார். அபரஞ்சி பதில் சொல்ல வாயெடுத்தாள். கடல் இறங்கத் தொடங்கியிருந்தது. மங்கிய வெளிச்சத்தில், நடுத்துறையில் நின்ற பசுவின் கால்கள் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே தெரிய வந்தன. தண்ணீர் இறங்க இறங்க அது வலியில் ஒரு காலை மாற்றி இன்னொரு காலில் நின்றது.

"நல்லா இருக்கா" என்று பொய் சொல்ல அவளுக்கு மனமில்லை. "கன்னு குடிச்சுதுங்க" என்று மட்டும் சொன்னாள். பிறகு தூங்கும் கன்றைக் கோரைப்படுக்கையில் கிடத்தி, கழுத்துச் சாவியைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு, மறுபடி தண்ணீர் ஏறுகிற வரைக்கும் மருதாணிக்குத் துணையாய் நிற்க இறங்கிப் போனாள்.